சாந்தகுரூஸ் தோட்டத்துக் கொக்கோ

1. முப்பத்துநான்கு பேருக்கு இரண்டு பக்கம்

அன்று திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டுக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, நூலகத்துக்குள் முப்பத்துநான்கு பிள்ளைகள் ஒன்றாக நுழைந்தார்கள். எங்களிடம் இருந்த நாற்காலிகள் பன்னிரண்டு. அதிலும் ஒன்றுக்குக் கால் ஆட்டம்; தெரிந்தவர் யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

எல்லோர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "எமது பிரதேசத்தில் கொக்கோச் செய்கை. முப்பது பக்கம். நூலகத்தைப் பயன்படுத்துக."

"மிஸ், கொக்கோ புத்தகம் தாங்க."

"மிஸ், நான்தான் மொதல்ல வந்தேன்."

"அவ பொய் சொல்றா மிஸ். நான் ஓடியே வந்தேன்."

எழுபதுகளின் தொடக்கம் அது. புதிய பாடத்திட்டம் வந்த புதிது. மேல்வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, புரொஜெக்ட் ஒன்றும் செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புரொஜெக்ட் என்றால் என்ன என்று மேலிடம் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் நேரே என்னிடம் வந்துவிட்டார்கள். எனக்கும் தெரியாது என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் கமலா. மாத்தளைக்கும் பலாபத்வலைக்கும் நடுவே, பெரிய ரோட்டோரத்தில் இருந்த ஒரு சிறிய நூலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். நூலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; படித்து முடித்தால் காரணம் தெரியும். நியமனக் கடிதத்தின்படி நான் உதவி நூலகர். நூலகர் ஐயா வாரத்தில் இரண்டு நாள் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நானும் காவலாளி பண்டாவும்தான் நூலகம். இந்தச் சம்பவம் நடந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. நிரந்தரக் கடிதம் எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொக்கோ என்றதும், புத்தக விபரக் கார்டுகளை அடுக்கிவைத்திருந்த கெட்டலொக் பெட்டிக்குப் போனேன். அதில் மூன்று டிராயர்: தமிழ், சிங்களம், ஆங்கிலம். தமிழ் டிராயரைத் திறந்தேன். கொக்கோ என்று தனிப் புத்தகம் எதுவும் இல்லை. விவசாயப் பாடநூல் ஒன்று மட்டும் இருந்தது. அதில் கொக்கோவுக்கு இரண்டு பக்கம். டிராயரை மூடினேன்.

அலாரம் மணிக்கூட்டைக் கௌண்டரில் வைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு நான்கு நிமிடம் என்று சட்டம் போட்டேன். மணி அடித்தால் எழும்ப வேண்டும். சிலர் இரண்டு வரி எழுதினார்கள், சிலர் அரைப் பக்கம் எழுதினார்கள். நாலரை மணிக்குக் கடைசிப் பிள்ளையும் எழும்பியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு ஒழுங்கு! நூலகத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள், பயன்படுத்த வைத்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். முப்பத்துநான்கு பேரில் ஒருவரிடமாவது, "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று நான் கேட்கவில்லை.

2. மொத்தமான புத்தகம்

அந்தக் கடைசிப் பிள்ளை மஸீனா. வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது கூட. முந்தின வருடம் பரீட்சை நேரத்தில் டைபோயிட் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுடைய வாப்பா காஸிம் முதலாளிக்குக் கடைவீதியில் மிளகும் கொக்கோவும் வாங்கும் கடை. பொல்லாத மனிதர் அல்ல, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"இந்த ஒரு வருஷம்தான்னு வாப்பா சொல்லிட்டாரு மிஸ். இந்தத் தடவையும் சோதனை எழுதலேன்னா வீட்டோட இருக்கணும். சிவபாதம் மாஸ்டர் சொல்லிட்டாரு, புரொஜெக்ட் ஒழுங்கா குடுக்காத ஆளுக்குச் சோதனை ஃபோர்ம்ல சைன் வைக்க மாட்டாராம். அதனால மிஸ், எனக்கு இதைவிட மொத்தமான புத்தகம் ஒண்ணு வேணும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு பக்கம் போதாது, பெரிய புத்தகம் வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

மொத்தமான புத்தகங்களுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய பிறகு, பக்கத்திலிருந்த அவர்களுடைய கிளப் ஒன்றை மூடினார்கள். அங்கிருந்த புத்தகங்களை நாலு மரப்பெட்டியில் அடைத்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார்கள். ரோஜாச் செடி வளர்ப்பது எப்படி, மரை வேட்டைக்குப் போவது எப்படி, குதிரைக்குச் சளி பிடித்தால் என்ன கொடுப்பது. ஊரில் குதிரையே இல்லை. ஆங்கில டிராயர் முழுக்க இவைதான். அவற்றுக்கெல்லாம் கார்ட் எழுதியவள் நான். ஒரு நாளைக்கு நாற்பது புத்தகம் என்று, முதுகை மட்டும் பார்த்து எழுதித் தள்ளினேன்.

அதில் ஒன்றின் முதுகில் தங்க எழுத்தில் கொக்கோ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நானூறு பக்கத்துக்கு மேல். முதல் சில பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. எழுதியவர் யார், எந்த ஊரில் அச்சடித்தது, எந்த வருடம் எல்லாம் கறையான் வயிற்றுக்குள். கார்டில் அந்த இடங்களை வெறுமையாக விட்டிருந்தேன்.

"இங்கிலீஷ்ல இருக்கே. வாசிப்பியா?"

"எழுத்துக் கூட்டுவேன் மிஸ், விளங்காது. பார்த்து எழுதிக்கிட்டுப் போனா பெரிய வாப்பாட மகன் தமிழாக்கித் தருவாரு. அந்த நானா கவர்மெண்ட் கச்சேரியில கிளாக்."

தாய்மொழியில் எல்லாப் பாடமும் படித்த முதல் தலைமுறைகளில் ஒன்று அது. அவர்களுக்கு ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும். நூலகத்திலோ பாதிப் புத்தகம் ஆங்கிலம். மஸீனா புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு சொல்லை எழுத்துக் கூட்டினாள்.

"சாந்தகுரூஸ்... மிஸ், சாந்தகுரூஸ்னு அடிக்கடி வருது. எந்த எஸ்டேட்?"

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வினோதமாக இருக்காது. துரைமார் தங்கள் நாட்டில் விட்டுவந்த ஆறு, மலை, மாமியார் ஊர் எல்லாவற்றின் பெயரையும் இங்கே தோட்டங்களுக்கு வைத்திருந்தார்கள். வாயில் நுழையாத பெயர் ஒன்றைக் கேட்டால் அது ஏதோ ஒரு தோட்டம் என்று முடிவு கட்டுவது எங்கள் வழக்கம். நானும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உக்குவளைப் பக்கம் இருக்கும். இல்லேன்னா ரத்தோட்டை. பழைய பேரு, இப்ப மாத்தியிருப்பாங்க" என்றேன்.

ஒன்பது நாள் அவள் வந்தாள். ரெஃபரன்ஸ் புத்தகத்தை வெளியே கொடுக்க முடியாது என்பதால் இருந்தே எழுதினாள். எழுதினாள் என்று சொல்வதைவிட வரைந்தாள் என்பது சரி. ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் பார்த்துப் பார்த்து, பக்க எண்ணையும் விடாமல், படத்துக்குக் கீழே இருந்த "படம் பதினான்கு" என்பதையும் விடாமல். ஆறு கொப்பி நிறைந்தது. ஒவ்வொரு நாளும் நானா தமிழாக்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் வகுப்புப் பிள்ளைகள் அதை இரவல் வாங்கினார்கள். இரண்டு பக்கப் புத்தகத்துக்கு நின்ற வரிசை மூன்றாம் நாளே காணாமல் போயிற்று. நான் அதையும் என் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டேன். நூலகர் ஐயா வந்த அன்று மஸீனாவைக் காட்டி, "பாருங்க சேர், படிக்கிறதுன்னா இப்படிப் படிக்கணும்" என்று வேறு சொன்னேன்.

3. கார்னிவல்

பத்தாம் நாள் மஸீனா பென்சிலை வைத்துவிட்டுக் கௌண்டருக்கு வந்தாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். இந்தப் புத்தகத்துல ஜனவரி மாசம் வந்தா நல்ல வெயிலாம், கொட்டை சுகமாக் காயுமாம். எங்க கடை வாசல்ல ஜனவரியில ஒரு சாக்குக் கொட்டை காயப்போட ஏலாது மிஸ். காலையில விரிச்சா பத்து மணிக்கு அள்ளணும். வாப்பா வானத்தைப் பார்த்து ஏசிக்கிட்டே இருப்பாரு."

"அது பழைய புத்தகம் மஸீனா. அந்தக் காலத்துல மழை வேற மாதிரி பெய்திருக்கும்."

என் வாய் அப்படி. தெரியாது என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது.

"அப்புறம் மிஸ், கார்னிவல் வந்தா ஆளுங்க எல்லாம் வேலைக்கு வர மாட்டாங்களாம். தேருக்கு லீவு எடுத்தாங்கன்னா சரி. கார்னிவலுக்கா எஸ்டேட்ட மூடுவாங்க?"

கார்னிவல் என்றால் எங்கள் ஊரில் ராட்டினமும் பரிசுச் சீட்டும். அதற்காக ஒரு தோட்டம் மூடிய கதையை நானும் கேட்டதில்லை. புத்தகத்தை வாங்கினேன். அதை எத்தனையோ தடவை தூக்கி வைத்திருக்கிறேன், வாசித்தது அன்றுதான். மூட்டைகள் வண்டியில் துறைமுகத்துக்குப் போயின. துறைமுகத்திலிருந்து கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தது. பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு வரைபடம் மடித்து ஒட்டியிருந்தது. அதை அவளும் விரித்ததில்லை, நானும் விரித்ததில்லை. விரித்தேன்.

திரினிடாட் தீவு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. கிரிக்கெட் செய்தி கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கார்னிவல் என்றால் நாடே கொண்டாடும் திருவிழா.

"எந்த எஸ்டேட் மிஸ்?"

"எஸ்டேட் இல்ல மஸீனா. வேற நாடு."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். தன் ஆறு கொப்பியையும் பார்த்தாள். "இன்னும் எட்டு நாள்தான் மிஸ் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பண்டா எங்கிருந்தோ ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை முறைத்தான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் யார் பிழை என்று தெரிந்துவிட்டது.

அப்போதே நான் சிவபாதம் மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம். அதைவிடப் பயம். அந்த மாதம்தான் நூலகர் ஐயா என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுத இருந்தார். "நீயே வகுப்புல சொல்லிரு" என்று மஸீனாவின் தலையில் கட்டிவிட்டேன். அவளும் சொன்னாள். மற்றவர்கள் அதற்குள் முப்பது பக்கம் எழுதி, நான்கு பக்கமும் கலர் பென்சிலால் கோடு போட்டு, அட்டையில் கொக்கோக் காயும் வரைந்துவிட்டார்கள். "இவ மட்டும் வகுப்புல ஃபெஸ்டா வர்றதுக்குப் பார்க்கிறா" என்று சிரித்திருக்கிறார்கள். ஒருவரும் மாற்றவில்லை.

4. எட்டு நாள்

மறுநாள் மஸீனா வந்ததும் முதல் வேலையாக அவள் பென்சிலை வாங்கி என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

"ரெண்டு நாளைக்கு எழுதக் கூடாது. இப்ப சொல்லு, கொக்கோவைப் பத்தி உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"

"முப்பது பக்கம் எழுதணும் மிஸ்."

"அது மாஸ்டருக்கு. உனக்கு?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மழை நேரத்துல கொட்டையை எப்படிக் காயவைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். காயாட்டி பூஞ்சணம் புடிச்சிரும். வாப்பா அதைத் திருப்பி அனுப்பிருவாரு. ஆனா சில ஆளுங்க கொண்டுவர்ற கொட்டை மாரி காலத்துலயும் நல்லா இருக்கும். அது எப்படின்னு வாப்பாவுக்கே சரியாத் தெரியா."

இதோ, புரொஜெக்ட் வந்துவிட்டது. "எமது பிரதேசத்தில் கொக்கோச் செய்கை" என்பது தலைப்பு. அதற்குள் போனால் காட்டுக்குள் போன மாதிரி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாது. இது கேள்வி. எதைத் தேட வேண்டும், எதை விட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மார்க்ஸ் இல்லையென்றாலும் நீங்கள் கேட்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். அது கிடைக்கும் வரை புத்தகத்தைத் தொடாதீர்கள்.

பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஒப்படைக்க வேண்டிய வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எழுதினோம். கடைசி இரண்டு நாள் எழுதுவதற்கு. அதற்கு முந்தின ஒரு நாள் எழுதப்போவதை ஒழுங்குபடுத்த. அதற்கு முன்னால் வாசிக்கவும் வெளியே போய்ப் பார்க்கவும் மூன்று நாள். முதல் இரண்டு நாள் தேட மட்டும். மஸீனாவுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு நாள் ஒரு வரிகூட எழுதாமல் இருப்பது அவளுக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. எனக்கும் உள்ளூரப் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தேட ஆரம்பித்தாள். தமிழ் டிராயரைத் திறந்தாள், ஒன்றும் இல்லை என்று மூடினாள். அன்றைக்கு நான் செய்ததை அப்படியே அவள் செய்வதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

"மத்த ரெண்டு டிராயர்?"

"அது நம்ம பாஷை இல்லையே மிஸ்."

"கொக்கோவுக்குப் பாஷை இருக்கா?"

சிங்கள டிராயரில் விவசாயத் திணைக்களத்தின் சிறிய புத்தகம் ஒன்று கிடைத்தது. சிறு தோட்டக்காரருக்காக எழுதியது. எங்கள் இருவருக்கும் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. பண்டாவைக் கூப்பிட்டேன். அவன் காவல் வேலையை விட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்து, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி உரக்க வாசித்தான். "அமைதி காக்கவும்" என்ற பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தான். ஆங்கிலப் பெட்டியில், துரைமார் கிளப்பில் மாதாமாதம் எழுதிவைத்த மழைக் குறிப்புப் புத்தகம் கிடைத்தது. வெறும் எண்கள். எண்ணுக்குத் தமிழாக்க நானா தேவையில்லை.

ஒவ்வொரு புத்தகத்தையும் திறக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டேன்: எந்த ஊரைப் பற்றியது, எந்தக் காலத்தில் எழுதியது, எழுதியவர் யார். பதில் தெரியாவிட்டால் அந்தப் புத்தகத்தை நம்பக் கூடாது. இந்தச் சட்டத்தை நான் போட்டபோது மஸீனா என் முகத்தைப் பார்க்காமல் மரியாதையாகக் குனிந்துகொண்டாள்.

பிறகு பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன், கொப்பியைக் கொடுக்கவில்லை. நான் பிழையாக எழுதிக் கழித்த கெட்டலொக் கார்ட் என்னிடம் கட்டுக்கட்டாக இருந்தது. அவற்றின் பின்பக்கம் சுத்தம். ஒரு கார்டில் ஒரு விஷயம். கீழே அது எங்கிருந்து வந்தது என்ற விபரம்: புத்தகம், பக்கம். ஆளிடம் கேட்டதென்றால் யார், எங்கே, எப்போது. அவள் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டாள்.

"வாப்பாகிட்ட கேட்டியா?" என்றேன் ஒரு நாள்.

"வாப்பாகிட்ட நான் கேள்வி கேக்கிறதா?" என்று பயந்தாள்.

ஆனால் கேட்டாள். கார்டும் பென்சிலுமாக மகள் எதிரே வந்து உட்கார்ந்ததும் காஸிம் முதலாளி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போயிருக்கிறார். கோபமாக்கும் என்று இவள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "ம், கேளு" என்றாராம். இரண்டு பிளேன்டீ குடித்து முடியும் வரை பேசியிருக்கிறார். மாரி காலத்தில் நல்ல கொட்டை கொண்டுவருபவர் பலாபத்வலைப் பக்கம் ஒரு சிங்கள வீட்டு அம்மா என்று அவர்தான் சொன்னார். சனிக்கிழமை மஸீனா தன் உம்மாவோடு அங்கே போனாள். அடுப்புக்கு மேலே பரண், பரணில் கொட்டை, கீழே அணையாத சிறு நெருப்பு. நேரில் பார்த்தாள், கார்ட் எழுதினாள்.

திங்கட்கிழமை மறுபடியும் கலங்கி வந்தாள்.

"மிஸ், புகையில காயவைச்சாத்தான் தப்பும்னு அந்த அம்மா சொல்றாங்க. புகை மணம் புடிச்சா வெலை குறையும்னு வாப்பா சொல்றாரு. புகையில வைக்கவே கூடாதுன்னு பண்டா வாசிச்ச புத்தகத்துல இருக்கு. எது மிஸ் சரி?"

"மூணையும் எழுது. யார் சொன்னதுன்னு போடு. ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு நீ யோசி."

யோசித்தாள். புத்தகம் எழுதியவரிடம் சூட்டில் உலர்த்தும் அறை இருந்தது. அந்த அம்மாவிடம் அடுப்பு மட்டும்தான் இருந்தது என்று கடைசிப் பக்கத்தில் எழுதினாள். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

எழுதி முடித்தபோது பதினெட்டுப் பக்கம்தான் வந்தது.

5. முப்பத்துமூன்றுக்கு ஒன்று

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒப்படைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மாலை சிவபாதம் மாஸ்டர் நூலகத்துக்கு வந்தார். பூமிசாத்திர ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து சில மாதம்தான். பனையைப் பற்றிக் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார். கொக்கோ மரத்தை இங்கே வந்துதான் கண்டார். கையில் ஒரு பை நிறையக் கொப்பி. பின்னால் மஸீனா, பிஸ்கட் டின்னோடு.

"நீங்கள்தானே லைப்ரரி மிஸ்? உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். முப்பத்துமூண்டு பிள்ளையள் ஒரே மாதிரி எழுதியிருக்கினம். சாந்தகுரூஸ் தோட்டம், ஜனவரி வெயில், எல்லாம் ஒண்டு. இந்தப் பிள்ளை மட்டும் ஜனவரியிலை மழை எண்டு எழுதியிருக்கிறா. பக்கமும் பதினெட்டுத்தான். முப்பத்துமூண்டு பேரும் பிழை, இவ ஒராள் சரியோ? நான் ஊருக்குப் புதுசு. நாளண்டைக்கு விண்ணப்பம் அனுப்பவேணும். இதை அறியாமல் நான் இவவின்ரை ஃபோர்மிலை கையெழுத்து வைக்கேலாது."

நான் வாயைத் திறப்பதற்குள் மஸீனா டின்னைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சேர், இதுல ஏதாவது ஒரு கார்ட் எடுங்க."

எடுத்தார். மழைக் குறிப்பு, ஜனவரி. மஸீனா போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினாள். இன்னொன்று எடுத்தார். பண்டா வாசித்த புத்தகம். அதையும் காட்டினாள். மூன்றாவது, அடுப்புப் பரண், பலாபத்வலை, நேரில் பார்த்தது, சனிக்கிழமை. மாஸ்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கொப்பியை உருவினார்.

"அப்ப இது எங்கையிருந்து வந்தது? உந்தச் சாந்தகுரூஸ் எங்கை இருக்கு?"

மஸீனா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொல் சொன்னால் அவள் தப்பிவிடலாம். சொன்னால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. பதினெட்டுப் பக்கமும் ஒரு வருடமும் கையைவிட்டுப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளை எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றது. என்னால் தாங்க முடியவில்லை.

"சேர், அது என்னோட பிழை" என்றேன்.

தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வரைபடத்தை விரித்தேன். கறையான், வெறும் கார்ட், உக்குவளை, ரத்தோட்டை, நானாவின் தமிழாக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் வரைபடத்தைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்டி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது அந்த ஆடுகிற நாற்காலி. நல்லவேளை, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"திரினிடாட்" என்றார் மெதுவாக. "நான் பூமிசாத்திர வாத்தியார். முப்பத்துமூண்டு கொப்பியிலையும் சிவப்பு மையாலை மிக நன்று எண்டு போட்டு வைச்சிருக்கிறன்."

பிறகு அவர் சிரித்தார் பாருங்கள், பண்டா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து, மஸீனாவின் விண்ணப்பத்தைக் கௌண்டரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பதினெட்டுப் பக்கம் காணும்" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் போதும் என்று அர்த்தம்.

மற்ற முப்பத்துமூன்று பேருக்கும் கையெழுத்து வைத்தார், ஆனால் இரண்டு வாரத்துக்குள் புதிதாகச் செய்து தர வேண்டும் என்ற கட்டளையோடு. நானும் மறுநாள் நூலகர் ஐயாவிடம் நானே போய்ச் சொன்னேன். ஏசினார். நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் பிந்திப் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை; பத்து நாள் முன்னாலேயே வாய் திறக்காததில்தான் இன்றைக்கும் வருத்தம்.

6. கடைசியாக வந்தவர்

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது வரும் வரை கூட உட்கார வேண்டும். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அந்த வருடம்தான் பழகினேன். அடுத்த இருபத்தாறு வருடமும் ஒரு நாளில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அதனால் யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

பரீட்சை முடிவு வந்து சில நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு காஸிம் முதலாளி தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நூலகத்துக்குள் வந்தார். அதற்கு முன் அவர் படியேறியதில்லை. செருப்பை வாசலில் கழற்றப் போனார், வேண்டாம் என்றேன்.

"மஸீனா பாஸ் மிஸ். டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போடப் போறாளாம். சரின்னுட்டேன்."

"சந்தோஷம் முதலாளி."

அதைச் சொல்லத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. சுற்றிலும் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிஸ், மழைக் கணக்குப் புத்தகம் ஒண்ணு இருக்குன்னு மகள் சொன்னா. நான் முப்பது வருஷமா இந்த யாவாரம் செய்றேன். எந்த மாசம் சரக்கு எடுக்கிறது, எந்த மாசம் எடுக்காம இருக்கிறதுன்னு இன்னும் ஊகத்துலதான் ஓடுது. அதைக் கொஞ்சம் பார்க்கலாமா? இங்கிலீஷ் தெரியா. நம்பர் தெரியும்."

புத்தகத்தை எடுத்து வைத்தேன். கூடவே பின்பக்கம் வெறுமையாக இருந்த கார்ட் ஒரு கட்டும் பென்சிலும் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திறக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ், இது எந்த ஊர் மழைன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார்.